ஜாஸ்லின் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை

ஜாஸ்லினுக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் காது இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தன. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும்.

அவளுடைய பிராங்க் மாமா புதுக் கார் வாங்கியிருந்தார். அதில் க்ரூஸ் கன்ட்ரோல் என்று ஒன்று உண்டு. எண்பது கிலோமீட்டர் வேகம் என்று வைத்துப் பட்டனை அமுக்கிவிட்டால் போதும். மிதியிலிருந்து காலை எடுத்துவிடலாம், வண்டி அதே வேகத்தில் ஓடும். மாமா அதை வெளிவட்டச் சாலையில் ஓட்டிப் பழகினார். எங்கள் ஊர் அயனம்பாக்கம் பக்கம் எல்லாமே தோசைக்கல் மாதிரி தட்டைதானே? வேகம் காட்டும் முள் எண்பதை விட்டு அசையவே இல்லை.

சனிக்கிழமை ஓசூரில் ஒரு கல்யாணம். மாமா, அம்மா ஹெலினா, ஜாஸ்லின், தம்பி அலெக்ஸ் நான்கு பேரும் காரில் கிளம்பினார்கள். போகும்போது பெரிய ஏற்றம் வந்தது. எஞ்சின் 'ஊம்ம்ம்' என்று கத்தியது.

"பாத்துக்கோங்க, என் காலு கீழ கீது," என்றார் மாமா. "மேடு வந்ததும் அதுவே மிதிக்குது. இன்னா அறிவு!"

பின்சீட்டில் பிளாஸ்டிக் கவரில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஜாஸ்லினால் அந்த அறிவைப் பாராட்ட முடியவில்லை.

வாந்தி எடுத்ததால், திரும்பும்போது அவளுக்கு முன்சீட்டு கிடைத்தது. ஏறியதும் ஸ்டியரிங்கில் இருந்த பிளஸ் பட்டனை விரலால் காட்டி, "இது இன்னா மாமா?" என்று கேட்டாள்.

"அமுக்குனா வேகம் ஏறும். கை வைக்காத."

அவள் கை வைக்கவில்லை.

போன ஏற்றம் இப்போது இறக்கம். மாமா எண்பதில் வைத்துவிட்டுக் கல்யாண பிரியாணியைத் திட்டிக்கொண்டே வந்தார். "கறிய எங்க ஒளிச்சி வெச்சானுங்கன்னே தெரியலக்கா. எனக்கு வந்தது வெறும் பட்டை."

முள் எண்பத்தைந்துக்குப் போனது. பிறகு தொண்ணூறு.

"மாமா! தொண்ணூத்தஞ்சு! முன்னாடி லாரி!"

மாமா பிரேக்கை ஓங்கி மிதித்தார். எல்லோரும் முன்னால் குலுங்கினார்கள். அலெக்ஸ் மடியிலிருந்த லட்டு பறந்து போய்க் கண்ணாடியில் ஒட்டியது. லாரியின் பின்பக்கம் கிட்டத்தில் வந்து, மெல்ல விலகிப் போனது.

மாமா வண்டியை ஓரங்கட்டினார். ஜாஸ்லின் பக்கம் திரும்பினார்.

"யாரு அமுக்குனது?"

"நான் இல்ல மாமா."

"நான் எம்பதுலதான் வெச்சேன். வண்டி தானா ஏறுமா? அந்தப் பட்டன விரல் நீட்டிக் காட்டுனது யாரு? எனக்கு முன்னாடி உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் முள்ளப் பாத்துக்கினு வந்தேன்! நீங்கதான் பாக்கல!"

"வாய் வேற பேசுறியா?"

"அக்கா அமுக்குனத நான் பாத்தேன்," என்றான் அலெக்ஸ்.

"நீ தூங்கிக்கினு இருந்தடா!"

"தூக்கத்துலதான் பாத்தேன்."

அம்மா மெதுவாகச் சொன்னாள். "செஞ்சிருந்தா ஒத்துக்கோம்மா. மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அதுதான் ஜாஸ்லினுக்கு ரொம்ப வலித்தது. எச்சரித்தவள் அவள். திட்டு வாங்கியவளும் அவள்!

அதோடு முடியவில்லை. மறுநாள் பூசை முடிந்ததும், மாதா கோயில் வாசலில் கூட்டத்துக்கு நடுவில் மாமா சத்தமாகச் சொன்னார். "என் மருமவ ஒரு பட்டன அமுக்கி எங்க நாலு பேரையும் மேல அனுப்பப் பாத்தா!" எல்லோரும் சிரித்தார்கள். மாமா விடவில்லை. பாட்டுக் குழுவை நடத்தும் நிஷா அக்காவிடம், "அடுத்த வாரம் பாட்டுக் குழுவுல பாதி பேரு என் வண்டியில ஏலகிரி போறாங்கல்ல, இவ வர மாட்டா," என்றார். அந்தக் குழுவில் ஜாஸ்லினும் அலெக்ஸும் பாடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். எங்கள் ஊரில் மேடு என்று இருப்பது அது ஒன்றுதான்.

கரைமேல் ஏறும் சரிவில் பெடலை ஓங்கி ஓங்கி மிதித்தாள். "போங்க! எல்லாரும் போங்க! என்ன விட்டுட்டே போங்க!" திரும்பி இறங்கும்போது மிதிக்கவே இல்லை. சைக்கிள் வேகமாக ஓடியது. இன்னும் வேகமாக ஓடியது. கீழே வந்ததும் பிரேக் பிடித்து நின்றாள்.

'நான் மிதிக்கவே இல்லையே. அப்புறம் எப்படி வேகம் ஏறிச்சு?'

மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள். புரிந்துவிட்டது. காரில் இருக்கும் அந்தக் கருவிக்கு மிதிக்கத் தெரியும். பிரேக் பிடிக்கத் தெரியாது!

'சொல்லாத. மாமாவே ஏலகிரி இறக்கத்துல தெரிஞ்சிக்கட்டும்,' என்று கோபம் சொன்னது. பின்சீட்டில் வாயைப் பிளந்து தூங்கும் அலெக்ஸ் நினைவுக்கு வந்தான். அவனும்தானே போகிறான்? ஜாஸ்லின் நேரே மாமா வீட்டுக்கு மிதித்தாள்.

மாமா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏரிக்கரைக்கு வாங்க மாமா."

"இன்னாத்துக்கு?"

"வரலன்னா இங்கயே நின்னு கத்துவேன்."

அவள் கத்தினால் எப்படி இருக்கும் என்று மாமாவுக்குத் தெரியும். வந்தார். பேச்சுச் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டிலிருந்து அம்மாவும் அலெக்ஸும் பின்னாலேயே வந்தார்கள்.

கரைமேல் நின்று ஜாஸ்லின் சைக்கிளை நீட்டினாள். கீழே ஆளில்லாத பெரிய மைதானம். "நீங்கதான் க்ரூஸ் கன்ட்ரோல். வேகம் கம்மியானா மிதிக்கலாம். பிரேக் மட்டும் தொடக் கூடாது."

சின்ன சைக்கிளில் மாமாவின் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. கிளம்பினார்.

"ஏ... ஏய்... நிக்கல! அக்கா! நிக்கல!"

பாதியிலேயே பிரேக்கைப் பிடித்துவிட்டார். ஒரு செருப்பு மட்டும் தனியாகக் கீழே உருண்டது.

"இப்ப யாரு பட்டன அமுக்குனது மாமா?"

"சைக்கிள் வேற, கார் வேற."

"அப்படியா? போவும்போது மேட்டுல எஞ்சின் கத்துச்சே, அதுவே மிதிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப நான் பின்னாடி வாந்தி எடுத்துக்கினு இருந்தேன். அதுக்கு மிதிக்க மட்டுந்தான் தெரியும். இறக்கத்துல பிரேக் போட ஆள் வேணும். அந்த ஆள் நீங்க. நீங்க பிரியாணிய திட்டிக்கினு இருந்தீங்க!"

மாமா சைக்கிளைச் சாய்த்து வைத்தார். புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"சில வண்டிங்க தானா பிரேக்கும் போடுமாம்," என்றார் மெதுவாக. "நம்ம வண்டி அந்த ரகம் இல்லபோல. தட்டை ரோட்டுலயே ஓட்டுனேனா, எனக்கு இது தோணவே இல்ல. இனிமே இறக்கம் வந்தா அத நிறுத்திட்டு நானே ஓட்டுறேன். மன்னிச்சிக்கோ குட்டி."

அம்மா அவள் தலையைத் தடவ வந்தாள். ஜாஸ்லின் நகர்ந்துகொண்டாள். "உன்கிட்ட அப்புறம் பேசுறேன்ம்மா. மாமா, இங்க யாரும் இல்லாத எடத்துல சொன்னா ஆச்சா? கோயில் வாசல்ல எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான திட்டுனீங்க?"

"அதுக்கு?"

"அங்கயே வந்து சொல்லணும்."

ஏலகிரிக்குக் கிளம்பும் நாளில், காலைப் பூசைக்கு முன்பே மாமா கோயில் வாசலில் நின்றார். பாட்டுக் குழு மொத்தமும் அங்கே இருந்தது. மாமா தொண்டையைச் செருமினார்.

"என் மருமவ எந்தப் பட்டனையும் அமுக்கல. இறக்கத்துல வண்டி தானா வேகம் எடுத்துச்சு. அத கவனிக்காதது நான்தான். சொல்லி எங்கள காப்பாத்துனது அவ."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல மாமா," என்றாள் ஜாஸ்லின்.

மாமா மறுபடியும் சொன்னார். இந்த முறை கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் பறந்து போயின. நிஷா அக்கா சிரித்துக்கொண்டே, "ஜாஸ்லின், முன்சீட்டுல நீ உக்காந்துக்கோ," என்றாள்.

ஜாஸ்லின் மூன்றாவது முறையும் சொல்ல வைத்திருப்பாள். அதற்குள் பூசைக்கு மணி அடித்துவிட்டது.