ஏழாவது உறை காலி

காலை எட்டு மணிக்குக் கல்யாணச் சான்றிதழ் காணாமல் போனது தெரிந்தது. அது காணாமல் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. எட்டு மணிக்குத்தான் கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடித்தவள் மருமகள். மறுநாள் காலையில் பக்கத்து நகரத்துத் தூதரகத்தில் அவளுக்குக் குடியேற்ற விசா நேர்காணல். ரயில் மத்தியானம் மூன்று மணிக்கு, வீட்டில் எல்லோருக்கும் டிக்கெட். கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று ஃபைலைப் பிரித்தவள், ஏழாவது பிளாஸ்டிக் உறைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். முன்னால் பாஸ்போர்ட் இருந்தது, பின்னால் மருத்துவப் பரிசோதனைக் கவர் இருந்தது, நடுவில் உறை மட்டும் இருந்தது.

அவள் கணவன் வெளிநாட்டில் இருக்கிறான். தாலி கட்டிய கையோடு விமானம் ஏறியவன். இரண்டு வருஷமாக அவர்களுடைய குடித்தனம் செல்போன் திரையில்தான் நடக்கிறது. அவன் அங்கே காலைச் சாப்பாடு சாப்பிடும்போது இவள் இங்கே ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவாள். அதுதான் சேர்ந்து சாப்பிடுவது. கணவனோடு சேரப் போகிறவளிடம் கல்யாணம் ஆனதற்கான ஒரிஜினல் சான்றிதழ் இல்லையென்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். மறுபடி தேதி கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்பது யாருக்கும் தெரியாது.

வீட்டில் அப்போது ஐந்து பேர். மருமகள், மாமனார், மாமியார், கொழுந்தன், அப்புறம் துணைக்குப் போக வந்திருந்த மருமகளின் சித்தி. சித்தி ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். சொந்தபந்தம் முழுக்க அவளுக்குச் செக்கர் சித்தி என்றுதான் பெயர். தூங்குகிற பயணியைத் தோளைத் தொடாமலே, நிஜத் தூக்கமா நடிப்பா என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

"யாரும் வாசப்படி தாண்டாதீங்க," என்றாள் சித்தி. அவள் குரலில் கவலை கொஞ்சம்தான் இருந்தது. மீதியெல்லாம் உற்சாகம். ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் கேஸ் இது.

பீரோவில் பூட்டு இருந்தது. சாவியும் அதிலேயே தொங்கியது. அந்த வீட்டின் பாதுகாப்பு அவ்வளவுதான். பாஸ்போர்ட், நகை, பணம் எதிலும் கை படவில்லை. வெளித் திருடன் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு அடுத்தவர் கல்யாணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக மாட்டான். எடுத்தது வீட்டு ஆள்தான் என்று சித்தி சொன்னதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் சான்றிதழ் இருந்தது. அதை ஐந்து பேருமே பார்த்திருக்கிறார்கள்.

அன்றைக்கு வீட்டில் ஒத்திகை நேர்காணல் நடந்தது. அதிகாரி வேஷம் மாமனாருக்கு. ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார். புருஷனுக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்று கேட்டு மாமியாரிடம் திட்டு வாங்கினார். மின்விசிறிக் காற்றில், வாசல் பக்கத்தில் ஆணியில் கிளிப் போட்டு மாட்டியிருந்த பஸ் அட்டவணை சுவரில் டப் டப் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தப் போன கொழுந்தனை மாமனார் தடுத்தார். "இருக்கட்டும்டா. விசா முத்திரை குத்துற சத்தம் அது."

சிரிப்பில் கொழுந்தனின் கை தட்டி டீ டம்ளர் சாய்ந்தது. ஃபைல் ஓரத்தில் நாலு சொட்டு. உறைக்குள் போகவில்லை. ஆனால் மாமனார் முகம் வெளுத்துவிட்டது. சான்றிதழை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊதி ஊதி உள்ளே வைத்தார். பொருள் விஷயத்தில் மனிதர் அப்படித்தான். அந்த வீட்டில் கேஸ் புக்கிங் நம்பர், பஸ் அட்டவணை, மகன்களின் மார்க் ஷீட், மாமியாரின் பழைய ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் சட்டை உண்டு. கல்யாணமான புதிதில் மாமியார் ஒருநாள் தும்மியபோது அவளையும் உறை போட்டு வைக்கலாமா என்று யோசித்தாராம், அவளே சொன்னது.

இனி, காலையில் நடந்தது. சித்தி ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டு விசாரித்தாள்.

மாமனார் ஆறரை மணிக்குச் செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பால் வாங்கப் போனார், ஏழரைக்கு வந்தார். கூட்டம் என்றார். கொழுந்தன் ஏழு மணிவரை தூங்கினான், பிறகு ஸ்டுடியோவில் விசா போட்டோ வாங்கி வந்தான். மாமியார் சமையலறையை விட்டு நகரவில்லை. கேட்காமலே ஒரு புகார் மட்டும் சொன்னாள்: பால் பாக்கெட் வெதுவெதுவென்று இருந்ததாம், மாடிப்படிக்குக் கீழேயே இருக்கிற கடைக்காரன் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் காசு பார்க்கிறானாம். இவரும் இன்றைக்கு ஒரு தினுசாக இருக்கிறார், இஸ்திரிப் பெட்டியைக் கொண்டா என்றார், தேய்த்த சட்டை நாலு மாட்டியிருக்கும்போது எதற்கு என்றதும் சும்மா இருந்துவிட்டார் என்றாள்.

சித்திக்குத் தானே சாட்சியாக இருந்த நேரமும் ஒன்று உண்டு. ஏழரை மணிக்கு மாமனார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் மருமகள் தூதரக விதிகளை அவளிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். செல்போன் கூடாது, பை கூடாது, லேமினேஷன் போட்ட ஒரிஜினல் கூடாது, வாசனை சென்ட் கூடாது, தண்ணீர் பாட்டில் கூடாது. மூச்சாவது விடலாமா என்று போட்டோவோடு திரும்பி வந்திருந்த கொழுந்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் ரொம்ப நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

ஒன்பதரை மணி. கொழுந்தன் பதிவு அலுவலகத்தில் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு போன் போட்டான். சான்றிதழ் தொலைந்துவிட்டால் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வரவேண்டும், அதற்கப்புறம் ஒரு வாரம் என்று பதில் வந்தது. மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததற்குத் தேடல் என்று பெயர். வீடு தலைகீழானது. மருமகள் கைப்பையைக் கவிழ்த்தாள். கொழுந்தன் பேன்ட் பாக்கெட்டுகளையும் புத்தகங்களையும் உதறினான். மாமியார் புடவை மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தாள், அரிசி டப்பாவில்கூடக் கைவிட்டாள். மாமனார் பாயைத் தூக்கிப் பார்த்தார், மெத்தைக்கு அடியில் பார்த்தார், பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், மறுபடி பாய்க்கே வந்தார். சித்தி தேடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தேடுகிறவர்களை வேடிக்கை பார்த்தாள்.

மருமகளின் மனசு ஒரு இடத்திலேயே சுற்றியது. போன வாரம் மாமியார் தன் தங்கையிடம் போனில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. இவளும் போயிட்டா வீடு வெறிச்சோடிப் போயிடும், இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப் போனா என்ன குறைஞ்சுடும். கேட்கக் கூடாது என்று நினைத்தபடியே கேட்டுவிட்டாள்.

"அத்தை, நீங்க எங்கயாவது எடுத்து வச்சீங்களா?"

மாமியார் தன் துணிப்பெட்டியை இழுத்துவந்து மருமகள் முன்னால் திறந்து வைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அவ எடுக்கல," என்றார் மாமனார். "எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சித்தி எழுந்தாள். "வேர்க்குது, ஃபேனை முழுசா வைடா," என்றாள் கொழுந்தனிடம். விசிறி வேகமெடுத்தது. சிதறிக் கிடந்த காகிதங்கள் பறந்தன. சித்தி தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து விசா முத்திரை குத்திக்கிட்டே இருந்துச்சே, இன்னிக்கு ஏன் குத்தல?"

யாருக்கும் புரியவில்லை. மாமனாருக்கு மட்டும் புரிந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி," என்றாள் சித்தி. அதட்டல் இல்லை, பெட்டி நிறையப் பயணிகள் இருக்கும்போது ஒருவரிடம் மட்டும் பேசுகிற குரல். "காணாமப் போன பொருளை எல்லாரும் மடிப்புல தேடினாங்க. பாக்கெட்டுல, பையில, புடவையில. காகிதம்னா மடிச்சு வைக்கலாம் இல்லையா. நீங்க மட்டும் பாய்க்கு அடியிலயும் பீரோ சந்துலயும் பாத்தீங்க. மடிக்க முடியாத பொருளைத் தேடற மாதிரி. அது இனிமே மடியாதுன்னு இந்த வீட்டுல ஒருத்தருக்குத்தான் தெரியும்."

அவள் வாசலுக்குப் போனாள். பஸ் அட்டவணையின் கிளிப்பை அழுத்தினாள். கையில் இரண்டு தகடுகள் வந்தன. முன்னால் இருந்தது அட்டவணை. பின்னால் இருந்தது, விளிம்பு பளபளக்க, மூலைகள் அழகாக வளைத்து வெட்டப்பட்டு, கல்யாணச் சான்றிதழ். புடைத்து நின்ற முத்திரை இருந்த இடம் நசுங்கி, அதன்மேல் காற்றுக் குமிழ் ஒன்று நின்றது.

மிச்சத்தைச் சித்தி நின்றபடியே சொன்னாள். டீ கொட்டியதில் சம்பந்திக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் சான்றிதழைச் செய்தித்தாளுக்குள் வைத்துக்கொண்டு, பாலையும் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் சீக்கிரம் திறக்கிற ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார். லேமினேஷன் மெஷின் சூடாகும்வரை பால் பாக்கெட் அவர் கையிலேயே இருந்தது, அதுதான் வெதுவெதுப்பு. சந்தோஷமாகத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, லேமினேஷன் போட்ட ஒரிஜினல் கூடாது என்று மருமகள் ஒப்பித்தது காதில் விழுந்தது. கைக்கு எட்டியது அந்தக் கிளிப்தான். பிறகு சூடு காட்டினால் உரியுமோ என்று இஸ்திரிப் பெட்டி கேட்டார். இரண்டு தகடு சேர்ந்ததும் கனம் கூடிவிட்டது, காற்றுக்கு அசையவில்லை.

"அவ எடுக்கல, எனக்குத் தெரியும்னு சொன்னீங்களே. புருஷனோட நம்பிக்கைன்னு நெனச்சேன். அப்புறந்தான் உறைச்சுது, தெரிஞ்சவர்தான் தெரியும்னு சொல்றார்னு."

மாமனார் மருமகளைப் பார்த்தார். "பத்திரமா இருக்கட்டும்னுதாம்மா செஞ்சேன். அவன்கிட்ட நீ போய்ச் சேரணும்னு இந்த வீட்டுல என்னைவிட யாரும் ஆசைப்படல."

மருமகளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று முந்தப் பார்த்ததில் அவள் சும்மா நின்றாள்.

சித்தி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள். கொழுந்தனை மறுபடி போன் போடச் சொன்னாள். இந்த முறை கேள்வி வேறு. சான்றிதழ் தொலையவில்லை, சேதமாகிவிட்டது. பதிலும் வேறாக வந்தது: சேதமானதைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் புகார் வேண்டாம், மத்தியானத்துக்குள் புதுசு கொடுப்பார்கள்.

"காலையிலேயே வாயைத் தொறந்திருந்தா இந்நேரம் கையில புதுசு இருந்திருக்கும்," என்றாள் மாமியார் கணவனிடம். அன்றைக்கு அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கொழுந்தனின் பைக்கில் மருமகள் பறந்தாள். ரயில் கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பிளாட்பாரத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கையில் முத்திரை புடைத்த புதுச் சான்றிதழ். சித்தி அதை வாங்கி, பழக்க தோஷத்தில் பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏழாவது உறையில் வைத்தாள்.

ரயிலில் மருமகள் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் உங்களைச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்றாள்.

"ஒரு நிமிஷந்தானா?" என்றாள் மாமியார். பிறகு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ போறதுல எனக்கு வருத்தந்தான். அதுக்காக உன்னைப் போக விடாம வச்சுப்பேனா?"

மறுநாள் காலை, தூதரகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரியும் மொழிபெயர்க்கிற பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கேள்விகளுக்கெல்லாம் மருமகள் தண்ணீர்பட்ட பாடாகப் பதில் சொன்னாள். அதிகாரி சான்றிதழின் முத்திரையை விரலால் தடவினார். அடியில் இருந்த தேதியைப் பார்த்தார். விரல் அங்கேயே நின்றது.

கல்யாணமாகி இரண்டு வருஷம், சான்றிதழ் மட்டும் நேற்றுத் தேதியில் இருக்கிறதே, ஏன் என்று கேட்டார்.

இது ஒத்திகையில் வராத கேள்வி. மருமகளுக்குச் சுற்றி வளைக்க ஒன்றும் தோன்றாததால் நடந்ததை அப்படியே சொன்னாள். டீ, ஜெராக்ஸ் கடை, பஸ் அட்டவணை, எல்லாம். மொழிபெயர்க்கிற பெண் பாதியிலேயே சிரித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். அதிகாரி சிரிக்கவில்லை. அந்த மாமனார் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டார்.

"வெளியில, எதிர்த்த பிளாட்பாரத்துல. விடியக்காலைலேர்ந்து உக்காரவே இல்ல."

அதிகாரி ஏதோ தட்டச்சு செய்தார். அவள் பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் பக்கத்துக் கூடையில் போட்டார். பிறகு கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டை நகர்த்தினார். விசா அனுமதிக்கப்பட்டது.

அவள் ரோட்டைக் கடந்து ஓடி வந்த வேகத்திலேயே விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கொழுந்தன் விசில் அடித்தான். சித்தி, தான்தான் விசா கொடுத்தது போலத் தலையாட்டிக்கொண்டாள். மாமனார் சீட்டைப் பார்க்கும் ஆசையில் கையை நீட்டினார். அடுத்த நொடியே இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேம்மா. நீயே பிடிச்சுக் காட்டு."

மருமகள் அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, சீட்டை உள்ளங்கையில் வைத்தாள். "வீடு வரைக்கும் நீங்களே பத்திரமா வச்சுக்கோங்க, மாமா."

மாமியார் தெருவை இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தாள். நேற்றிலிருந்து கணவனிடம் பேசாதவள், மற்றவர்களைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அவர இந்தப் பக்கமா கூட்டிட்டு வாங்க. அந்த முக்குல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கு."