ராஜகிரிப் பாலத்தில் அப்பா

செஞ்சிக் கோட்டைக்குப் போகலாம் என்று அப்பா சொன்னதிலிருந்து ஜெரூஷாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அஸ்தினாபுரத்தில் அவள் தெருவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அந்தச் செய்தி தெரிந்துவிட்டது.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியது முதல் அவள் வாய் ஓயவில்லை. செஞ்சி நெருங்கியதும் ஜன்னலுக்கு வெளியே மலைகள் தெரிந்தன. பாறைகளை யாரோ அள்ளிக் கொட்டிய மாதிரி! உச்சியில் மதில்!

“அப்பா, அவ்ளோ உயரம் ஏறணுமா?”

“இதெல்லாம் ஒரு உயரமா? உங்கப்பன் ஓடியே ஏறிடுவான், பாரு!” என்று மீசையைத் தடவினார் அப்பா பிரிட்டோ.

கடைத்தெருவில் இட்லி சாப்பிட்டுவிட்டு ராஜகிரி மலையில் ஏறத் தொடங்கினார்கள். கோட்டை வாசல் வரும்போதெல்லாம், “கதவைத் திற!” என்று கத்தினாள் ஜெரூஷா.

“திறந்தாச்சு, மகாராணி!” என்றார் அப்பா, மூச்சு வாங்கியபடி.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை பிளந்து கிடந்தது. குறுக்கே ஒரு சின்னப் பாலம். கீழே கிடுகிடு பள்ளம்.

“சூப்பர்ப்பா! எதிரி வந்தா பாலத்தையே எடுத்துடுவாங்களாம்!”

ஜெரூஷா பாலத்தில் ஓடினாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். அப்பா வரவில்லை. பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீ போய்ப் பாத்துட்டு வாம்மா. அப்பா இங்க ஃபோட்டோ எடுத்துகினு இருக்கேன்.”

ஃபோன் சட்டைப்பையில்தான் இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

பின்னால் வந்த கல்லூரிப் பையன்களில் ஒருவன் சிரித்தான். “இன்னா சார், பயமா கீதா?”

அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ஜெரூஷாவுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று திரும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குத்தான் அண்ணா பயம். அப்பா எனக்காகத்தான் நிக்கிறாரு” என்றாள் சத்தமாக.

பையன்கள் கடந்து போனதும் மெதுவாகச் சொன்னாள்: “கீழ பாக்காதப்பா. என்னையே பாரு. நம்ம டிரெயின் ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்லிகினே போலாம். தாம்பரம்!”

“சா... சானடோரியம்.” அப்பா ஓர் அடி வைத்தார்.

“குரோம்பேட்டை!”

“பல்லாவரம்.” இன்னோர் அடி.

மீனம்பாக்கம் வருவதற்குள் அக்கரை வந்துவிட்டது!

உச்சியில் காற்று ஆளையே தள்ளியது. கீழே கோட்டையின் கல்யாண மகால் பொம்மை வீடு போலத் தெரிந்தது. மலைக்கு மலை மதில் ஓடியது. அப்பா இரு கைகளையும் விரித்து, “ஓஓஓய்!” என்று கூவினார். ஜெரூஷா அதைவிடச் சத்தமாகக் கூவினாள்.

ஆசை தீரச் சுற்றிவிட்டு இறங்கத் தொடங்கினார்கள். பாலம் கண்ணில் பட்டதும் அப்பாவின் நடை தளர்ந்தது. குனிந்து, மகளின் காதருகே கேட்டார்:

“ஜெரூ, உனக்கு இப்பவும் பயமா இருக்கா?”

“ரொம்பப் பயமா இருக்குப்பா” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள் ஜெரூஷா.