வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

குறை கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பிழைப்பு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்து முடித்த சட்டைகளைப் பிரித்துப் பார்த்து, ஒரு நூல் பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டைக் காண்ட்ராக்டர் கையில் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பாளா? ஞாயிறு தவறாமல், ஏழு வயது மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அந்த ஞாயிறும் போனாள். பூச்சு வேலை முடிந்து, வீடு முழுக்க ஈரச் சிமெண்ட் வாசனை. கூடம், சமையலறை, பெரிய படுக்கையறை எல்லாம் ஒழுங்காக இருந்தன. மகளுக்கென்று கட்டிய சின்ன அறையில் மட்டும் எல்லாமே தலைகீழ். கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். விளக்கின் சுவிட்ச் கூடத்துச் சுவரில். ஜன்னல் கம்பிகளோ ஒரு விரல் நுழையாத நெருக்கம்.

“பிள்ளைக்கு ரூம் கட்டச் சொன்னா ஜெயில் கட்டி வச்சிருக்கீங்களே,” என்றாள்.

காண்ட்ராக்டர் வாய் ஓயாதவர், மணலைக் கயிறாகத் திரிப்பவர். அன்று தலையைச் சொறிந்தார். தச்சர் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டார், எலக்ட்ரீஷியன் புது ஆள், கம்பி அளவை நானே தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மூன்று தப்பையும் ஒப்புக்கொண்டார். அதுதான் அவளை உறுத்தியது. கேட்டவுடன் தப்பை ஒப்புக்கொள்ளும் காண்ட்ராக்டரை யாராவது பார்த்ததுண்டா? இவர் எதையோ பூசி மெழுகுகிறார்.

கலவையில் ஏமாற்றியிருப்பார்கள் என்று தோன்றியது. பூச்சு உள்ளே பொள்ளலாக இருந்தால் தட்டினாலே தெரிந்துவிடும். அறைக்குள் போய்ச் சுவரை விரல் முட்டியால் மூன்று முறை தட்டினாள்.

டொக். டொக். டொக்.

சத்தம் கெட்டியாகத்தான் இருந்தது. திரும்பினாள்.

அதே மூன்று தட்டு, சுவரிலிருந்து திரும்பி வந்தது.

அந்தச் சுவருக்கு அப்பால் வெட்டவெளி. ஓடிப்போய்ச் சுற்றிப் பார்த்தாள். காலையில் சுவருக்கு அடித்த தண்ணீரில் தரை சேறாகிக் கிடந்தது. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. வேலையாட்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பயம் வந்தது உண்மை. ஆனால் கோபம் அதை முந்திக்கொண்டது. ஏதோ தந்திரம் செய்து தன்னை விரட்டப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். ஒரு வாரத்தில் மூன்றையும் மாற்றியாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தாள்.

தச்சர் அந்த வேலைக்கு வரவில்லை. காண்ட்ராக்டரே வந்து, அவள் கண்முன் தாழ்ப்பாளைக் கழற்றி உட்பக்கம் மாட்டினார். கடைசித் திருகை முடுக்கும்போது மெல்லக் கேட்டார்.

“பாப்பா இந்த ரூம்லதான் படுக்குமாம்மா?”

“பின்ன, நீங்களா வந்து படுக்கப்போறீங்க?”

அவர் சிரிக்கவில்லை.

குடிவந்த அன்று மதியம் கணவன் பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போயிருந்தான். அவள் சமையலறையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்ன அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம்.

“கண்ணு, உள்ள என்ன பண்ற? கதவைத் திற,” என்று தட்டினாள்.

உள்ளேயிருந்து மூன்று தட்டு.

விளையாட்டைப் பார் என்று முணுமுணுத்தபடி தலையைத் திருப்பினாள். எதிரே பெரிய படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. மகள் அங்கே கட்டிலில், சாமான் மூட்டைகளுக்கு நடுவில், அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கூடத்துக்கு வந்து போனை எடுத்துக் காண்ட்ராக்டரை அழைத்தாள். அந்த மனிதரிடம் இப்படிக் கெஞ்சுவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

“அந்தத் தப்பை மறுபடி செஞ்சு குடுத்துடுங்க,” என்றாள். “தாழ்ப்பாள் வெளியவே இருக்கட்டும்.”

காண்ட்ராக்டர் பெருமூச்சு விட்டார். முதலில் உட்பக்கம்தான் போட்டார்களாம். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவார்களாம். காலையில் வந்தால் உள்ளே தாழிட்டிருக்குமாம். அப்போது கம்பி போடாத ஜன்னல் வழியாக ஏறி இறங்கிப் பார்த்தால் ஆள் இருக்காதாம்.

“சொன்னா நம்புவீங்களாம்மா? அதான் தப்புன்னு என் தலையில போட்டுக்கிட்டேன். அது ரூமை விட்டு வெளிய வராம இருந்தாப் போதும்னு.” குரல் தாழ்ந்தது. “அந்தக் கதவு இப்ப மூடியிருக்கா?”

நிமிர்ந்து பார்த்தாள்.

சின்ன அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

“திறந்திருக்கு.”



“பாப்பா எங்கம்மா?”

அவள் முதுகுக்குப் பின்னால் பெரிய படுக்கையறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அந்த அறையில் அவள் ஒரு குறையும் கண்டதில்லை. தாழ்ப்பாள் உட்பக்கம், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

அது விழுந்தது.

பிறகு, நிதானமாக, மூன்று தட்டு.