முதலில் பதிந்த பெயர்

மண்டபத்து வாசலில் ஓடிக்கொண்டிருந்த சிவப்பு எழுத்தில் மாப்பிள்ளையின் பெயர் வேறாக இருந்தது.

தங்கவேல் அதைக் கவனிக்கவில்லை. அபிராமபுரத்தில் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர் அவர்தான். இன்றைக்குப் பெண்ணின் அப்பாவும் அவரே. வரவேற்புக்கு வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவரின் காதோரம் வந்து சொன்னவன் ஒயர்மேன் கரீமுல்லா.

"இன்னா சார், மாப்ளய மாத்திக்கினியா? போர்டுல வேற யார் பேரோ கீது."

"நேரம் காலம் தெரியாம விளையாடாதப்பா."

"அல்லா மேல சத்தியம் சார். நீயே வந்து பாரு."

காலையில் அவர் தம் கையால் அடித்தது 'அன்புச்செல்வி - அசோகன்' என்று. இப்போது 'அன்புச்செல்வி - நிரஞ்சன்' என்று நிதானமாக நகர்ந்து போயிற்று. மறுபடி வந்தது.

நிரஞ்சன், மண்டபத்து முதலாளி ஸ்ரீகிருஷ்ணாவின் ஒரே மகன். பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் கொட்டிவாக்கம் கடலில் குளிக்கப் போனவன் பிணமாகத்தான் கரை ஒதுங்கினான். போன தை மாதம் போர்டும் கம்ப்யூட்டரும் வந்தபோது, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, "மொதல் பேர் அவன் பேரா இருக்கட்டும், தங்கவேல். இருந்திருந்தா அவன்தானே இதெல்லாம் பாத்துண்டிருப்பான்," என்றார் முதலாளி. மகனின் படத்தைப் பார்த்தபடி பாஸ்வேர்டையும் அவரே தட்டினார். என்ன தட்டினார் என்பது அப்புறம் அவருக்கே நினைவில்லை.

முதலில் பதிகிற பெயருக்குத்தான் சகல அதிகாரமும் என்பது தங்கவேலுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம், யாரை நீக்கலாம், எல்லாம் அந்தப் பெயரின் இஷ்டம். தங்கவேலுக்கு எழுத உரிமை உண்டு, கரீமுல்லாவுக்குப் பார்க்க மட்டும். செத்த பிள்ளையின் பெயரை எடுத்துவிடலாமா என்று பெற்றவரிடம் எந்த வாயால் கேட்பது? அப்படியே விட்டுவிட்டார்.

ஆபீஸ் அறையைத் திறந்ததும், மல்லிகையும் பாயச நெய்யும் மணத்துக்கொண்டிருந்த காற்று வாசலோடு நின்றுபோய், உள்ளே ஈர மணலும் அழுகிய பாசியும் கலந்த ஒரு வீச்சம், அலை திரும்பிப் போகும்போது கிளிஞ்சல்கள் உரசுவது போன்ற ஓயாத சிறு சத்தத்தோடு அவர் முகத்தில் வந்து அப்பிற்று. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். விசைகள் பிசுபிசுத்தன. 'அசோகன்' என்று அடித்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வோர் எழுத்தாக, 'நிரஞ்சன்' ஆயிற்று.

"கரீம், போர்டு ஃப்யூஸைப் பிடுங்கு!"

"எப்பவோ பிடுங்கிட்டேன் சார்." அறை வாசலில் நின்றவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஃப்யூஸ் அதில் இருந்தது. "இன்னும் ஓடிக்கினுதான் கீது."

முதலாளி வீட்டுக்குப் போன் சுழற்றினார்.

"சார், அந்தப் பாஸ்வேர்டு... கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சார். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். தம்பி பேரு வருது. எம் பொண்ணு பேரோட சேர்ந்து வருது."



"நீங்க குடுத்த பத்திரிகைய அவன் படத்துக்கு முன்னாடிதான் வெச்சிருக்கேன்," என்றார் முதலாளி மெல்ல. "அவனுக்குப் பிடிச்சிருக்கு போலருக்கு."

போன் வைக்கப்பட்டது.

எழுதும் உரிமை ஒன்றுதான் அவரிடம் மிச்சம். எழுதினார். 'தம்பி, அவளை விட்டுவிடு. ஒரே பெண். வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள்.' வாசல் போர்டில் அந்த வரி ஒரே ஒரு தடவை ஓடியது. நின்றது.

திரையில் பெயர்கள் தாமாகவே இறங்கத் தொடங்கின.

அசோகன்: நீக்கப்பட்டது.

விருந்தினர்: பார்க்க மட்டும்.

மேளம் பாதியில் அறுந்தது. பந்தியிலிருந்து வந்த இரைச்சலும் நின்றது. அறை வாசலில் கரீமுல்லா விரித்த கையோடு அப்படியே நின்றான்.

தங்கவேல்: பார்க்க மட்டும்.

எழுந்து ஓடப் பார்த்தார். கால் வரவில்லை. மகளைக் கூப்பிட்டார். நாக்கு அசையவில்லை. விசைமேல் கிடந்த கை அவருடையதாகவே இல்லை. கண் மட்டும். அதை மூடவும் முடியவில்லை.

கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் மண்டபம் முழுக்க ஜனம். யாரும் அசையவில்லை. எல்லோர் முகமும் மேடையை நோக்கி.

மேடையில் அசோகன் இல்லை. அவனுடைய நாற்காலியின் சிவப்பு வெல்வெட்டு கறுத்து நனைந்திருந்தது. அதன் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

பக்கத்தில் அன்புச்செல்வி. கன்னமெல்லாம் கண்ணீர். உதட்டில் மட்டும் சிரிப்பு, யாரோ இழுத்துப் பிடித்துவைத்தது போல.

தட்டிலிருந்த ரோஜாமாலை, பிடிக்க ஒரு கையும் இல்லாமல், மேலே எழும்பியது.

அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள்.