பீரோவுக்குள் நகரும் மைக்

மைக் நகர்ந்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு விரற்கடைதான். ஆனால் ஹெட்போனில் கேட்ட கிடார் கோகிலவாணிக்குப் பல்லைக் கூச வைத்தது. மைக்கை ஸ்பீக்கரின் ஓரத்தில் வைத்தால் கிடாரின் குரல் கனமாக, இதமாக உறுமும். நடுவில் வைத்தால் கீச்சென்று காதைக் கிழிக்கும். அவள் ஓரத்தில்தான் வைத்திருந்தாள்.

தாராவியில் சுவருக்குச் சுவர் ஆள். கிடாரின் ஸ்பீக்கர்ப் பெட்டியான ஆம்பை முழுச் சத்தத்தில் விட்டால் சந்தே சண்டைக்கு வந்துவிடும் என்பதால், அதை இரும்புப் பீரோவுக்குள் இறக்கி, முன்னால் மைக்கை நிறுத்தி, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளைத் திணித்துப் பூட்டிவிடுவது இந்த வீட்டு வழக்கம். ஒயர்கள் மட்டும் கதவுக்கடியில் வெளியே வரும்; கசியும் சத்தம் கீழே லேசாகக் கேட்கும். கீழே தாஹிர் பாயின் பை தைக்கும் பட்டறையில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக மெஷின்கள் நின்றிருந்தன. அவை மறுபடி ஓடுவதற்குள் வாசித்து முடித்து, மாலைக்குள் பாட்டை அனுப்பியாக வேண்டும். அவள் பெயரில் வெளிவரப்போகும் முதல் பாட்டு.

இதுவரை அவள் போட்ட மெட்டு, அவள் வாசித்த கிடார் எல்லாமே புருஷன் ராஜபாண்டி பெயரில்தான் போயிற்று. அந்த மகராசன் செய்தது, பீரோ முன்னால் குத்தவைத்து மைக்கை நகர்த்தியது ஒன்றுதான். அதையாவது உருப்படியாகச் செய்தானா? ஓரம், ஓரம் என்று இவள் தொண்டை வற்றக் கத்தினாலும் நடுவுக்கே தள்ளுவான். காமாலையில் அவன் போனபோது, எப்பேர்ப்பட்ட கலைஞன் என்று ஊரே அழுதது. இவளும் அழுதாள், வேறு காரணத்துக்காக.

ஏணி வழியே பாயின் மகள் உமைரா தலையை நீட்டினாள். “வாணிக்கா, இப்ப வாசிச்சது சூப்பரு. அப்டியே அண்ணன் வாசிச்ச மாரியே இருந்துச்சு.”

“ஏளா, ஒங்கண்ணன் என்னைக்குக் கிடாரத் தொட்டாரு? அம்புட்டும் நான் வாசிச்சது.”

“சும்மா இரிங்கக்கா. மவுத்தானவங்கள அப்டிச் சொல்லாதிய.” அவள் இறங்கிப் போய்விட்டாள்.

கோகிலவாணி கிடாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பீரோவைத் திறந்தாள். சூடேறிய ஆம்பின் வெக்கை, பழைய ரஜாயின் வியர்வை வாடை, அதற்கும் அடியில் லேசாகப் புகையிலை நெடி முகத்தில் அடித்தது. இந்த வீட்டில் புகையிலை போட இப்போது யாருமில்லை. மைக்கை ஓரத்துக்கு இழுத்து, ஸ்டாண்டோடு சேர்த்துக் கறுப்பு டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினாள். பூட்டினாள். சாவியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு மறுபடி வாசிக்க உட்கார்ந்தாள்.

முதல் சரணம் அவள் நினைத்தபடியே உறுமியது. இரண்டாவதில், கிடாரின் சத்தத்துக்குப் பின்னால், வேறொன்று கேட்டது. நீளமாக. நிதானமாக.

டேப்பை உரிக்கிற சத்தம்.

கிடாரின் குரல் மெல்ல மெல்லக் கீச்சிட்டது. ஓரத்திலிருந்து நடுவுக்கு.

“செத்தும் ஒமக்கு அடங்கலையா?” என்றாள். திறக்கக் கூடாது. திறந்து சரிசெய்வதற்குள் கீழே மெஷின்கள் ஓடத் தொடங்கிவிடும், பாட்டு போச்சு. கீச்சிட்டால் கீச்சிடட்டும், பெயர் அவளுடையது. பல்லைக் கடித்து வாசித்தாள்.

கடைசிச் சரணம்தான் பாக்கி. காலையில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது தோன்றியது. யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. வாய்விட்டு முனகக்கூட இல்லை. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. துடைக்கக் கையை எடுத்தாள்.

பாட்டு நிற்கவில்லை.

ஹெட்போனில் கடைசிச் சரணம் தொடங்கியது. அவள் நினைத்த அதே சுரங்கள். அதே இழுப்பு. அவளுக்கு வராத ஒரு குழைவும் அதில் இருந்தது. ஐயோ, அவளைவிட நன்றாக இருந்தது.

லேப்டாப்பில் ரெக்கார்டிங்கை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். திரையில் சிவப்புக் கோடு ஓடியது. மறுபடி அழுத்தினாள். ஓடியது.

கீழே உமைரா கைதட்டினாள். “அண்ணன்தான்! அப்டியே அண்ணன்தான்!”

கோகிலவாணி குனிந்து பார்த்தாள். கிடார் மடியில் கிடந்தது. அவளுடைய இரண்டு கைகளும் மார்போடு இறுகியிருந்தன. கம்பிகள் ஒவ்வொன்றாக, விரல் பட வேண்டிய இடத்தில், கிடாரின் கழுத்துப் பலகையோடு தானாகவே அமுங்கி அமுங்கி எழுந்தன.