காலனித் துறைத் தண்ணீர்

ஆற்றங்கரையில் பெட்டியைத் திறந்ததுமே அப்பாதுரைக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. விழுப்புரம் சுகாதார ஆபீசில் காலையில் கொடுத்தபோது இரண்டு பாட்டிலும் காலி. வாயில் பழுப்புக் காகிதம் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தார்கள். கட்டு இப்போதும் அவிழவில்லை, காகிதம் கசங்கவில்லை. ஆனால் காலனித் துறை என்று சீட்டு ஒட்டிய பாட்டிலில் மட்டும் கழுத்து வரைக்கும் தண்ணீர்.

எவனோ விளையாடியிருக்கிறான். ஆபீசில் எவனை நம்ப முடிகிறது? நூலைப் பிரித்து மணலில் கொட்டினார். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது. வாந்தியும் மெழுகுவத்தியும் கலந்த ஒரு வாடை எழுந்து, காற்று அடித்தும் போகாமல், அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு ஊரே பெண்ணையாற்றில் குளிக்கும். அதற்கு முன்னால் இரண்டு துறையிலும் தண்ணீர் பிடித்துச் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்புவது அவர் வேலை. எப்போதும்போல இந்த வருஷமும் இரண்டு பாட்டிலையும் ஊர்த்துறையிலேயே பிடித்தார். காலனித் துறை இருநூறு கஜம் கீழே. நடுவில்தான் ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழுகிறது. தூரம் ஒரு காரணமில்லை. ஐம்பத்தேழு வயது வரைக்கும் அந்தத் தண்ணீரில் அவர் கால் வைத்ததில்லை, அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் இரண்டும் நல்ல தண்ணீர் என்று வந்தது. பலகையில் 'குளிக்கலாம்' என்று எழுதிக் காலனித் துறையில் நடச் சொன்னவரும் அவரே. எட்டு நாளில் காலனியில் ஏழு பேர் வாந்திபேதியில் போனார்கள்.

பலகை இன்னும் நிற்கிறது. ஜனங்கள் இன்னும் குளிக்கிறார்கள். மறுபடியும் பிடித்து வரச் சொல்லி ஆபீசர் அனுப்பியிருக்கிறார். இன்றைக்கு உள்ளதைப் பிடித்தால் அன்றைக்குப் பிடித்தது பொய்யென்று தெரிந்துபோகும். பிடிக்காவிட்டால் இன்னும் எத்தனை பேரோ. இவ்வளவும் தெரிந்தே அவர் கால் ஊர்த்துறைப் பக்கம்தான் திரும்பியது.

"யாரு, பாட்டலு ஐயாவா? மறுக்கா வந்துட்டீங்களா?"

சாக்கடை ஓரம் சவுரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். போன ஏழு பேரில் அவள் புருஷன் இருதயராஜும் மகளும் உண்டு.

"ஆமாம்மா."

"அன்னிக்கு எங்க தொறையில எந்த எடத்துல புடிச்சீங்க?"

"அதோ, அந்தக் கல்லாண்ட."

அவள் சிரித்துவிட்டாள். "அங்க தண்ணி ஏதுங்க? கார்த்தியிலயே மணலு ஏறிப்போச்சு. ஆடுதான் படுத்துக்கினு கெடக்கும்."

அவர் காலிப் பாட்டிலை இடது கைக்கு மாற்றினார்.

"ஒங்க மேல குத்தமில்லீங்க. எங்க தொறைக்கு ஒருவாட்டியாவது வந்திருந்தாத்தானே தெரியும்?" எழுந்து புடவையை உதறினாள். "இன்னிக்காச்சும் எறங்கிப் புடிங்க. அவுங்கல்லாம் பாத்துக்கினு கெடக்குறாங்க."

யார் என்று கேட்பதற்குள் மேடேறிப் போய்விட்டாள்.

திட்டியிருந்தால் திரும்பிப் போயிருப்பார். அந்த 'குத்தமில்லீங்க' அவரைப் பிடரியில் கைவைத்துத் தள்ளியது. சாக்கடையைத் தாண்டினார். அதுவரை ஊர்த்துறையில் துணி அடிக்கிற சத்தம், கரும்பு வண்டியின் அச்சுக் கிறீச்சிடல், எங்கோ ஒரு ரேடியோ எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. தாண்டின அடியில், கதவைச் சாத்தினதுபோல, எல்லாம் நின்றது. மாலை நாலு மணி வெயில். ஆனால் அவர் நிழல் மணலில் விழவில்லை. ஈர மணலில் காலடிகள் இருந்தன, பெரியதும் சின்னதுமாக. எல்லாம் தண்ணீருக்குள் போயின. ஒன்றும் திரும்பவில்லை.

வேட்டியைத் தூக்கிக் கட்டி இறங்கினார். முழங்கால் ஆழம். வெதுவெதுப்பு. குனிந்து பாட்டிலை அமிழ்த்தினார்.

குமிழி வரவில்லை.

காலில் ஏதோ பட்டது. மீன்.

மீனுக்கு விரல் கிடையாது.

அது அவர் பாதத்தைத் தேய்த்தது. இன்னொரு கை குதிகாலைத் தாங்கியது. அப்புறம் ஒரு சின்னக் கை, விரலிடுக்கில் இருந்த சேற்றைப் பொறுமையாக எடுத்தது. பிடித்து இழுக்கவில்லை. கீறவில்லை. வீட்டுக்கு வந்த பெரிய மனுஷனுக்குக் கால் கழுவுகிறார்கள்.

உதறலாம். உதறக் கூசியது. பயத்தைவிட அந்தக் கூச்சம் பெரிதாக இருந்தது.

"நான் வரல," என்றார். "அன்னிக்கு நான் இங்க வரவே இல்ல."

"தெரியுங்க."

தண்ணீருக்குள்ளிருந்து. ரொம்ப மரியாதையாக.

தலைகள் எழுந்தன. ஒன்று. மூன்று. ஏழு. மயிர் முகத்தில் ஒட்டியிருந்தது. கண் தெரியவில்லை. அவரைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். கையைக் குவித்துத் தண்ணீரை அள்ளினார்கள். ஏழு கையும் அவர் வாய்க்கு நேராக உயர்ந்தன.

"மொத மொத வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க ஐயா."

விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. கைக்குள் குறையவில்லை.

அவர் வாயைத் திறந்தார்.