மூடிய அறையின் மூச்சு

கீழ்த்தளத்தில், இல்லாத ஓர் அறையிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

அந்தக் கட்டடத்தை வரைந்த பொறியாளர் வஜ்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். குவைத்தின் மேல் மதியத்திலிருந்தே புழுதிப்புயல். ஜன்னலுக்கு வெளியே செங்காவி இருட்டு கவிந்திருந்தது, ஏசிக் காற்றிலும் மண் வாடை, நடைவழியில் எங்கோ ஒரு கதவு விட்டுவிட்டு முனகிக்கொண்டிருந்தது.

கருவி ஏதோ தப்பாகக் காட்டுகிறது என்றார் அவர். கட்டுப்பாட்டறைப் பொறுப்பாளரான நூஃப் சிரித்தாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். எல்லோரையும் போல அவளும் அவரை மகன் பெயரால் அபூ ஃபராஸ், ஃபராஸின் அப்பா, என்றே கூப்பிடுவாள்.

"தப்பு நீங்க கம்ப்யூட்டர்ல வரைஞ்ச மாடல்லதான் இருக்கும், அபூ ஃபராஸ். கட்டினதா நீங்க என்ன சொன்னீங்களோ, அதைத்தான் அது சொல்லும். இந்த டிஜிட்டல் ட்வின், கட்டடத்தோட உயிருள்ள நகல், அப்படி இல்ல. கட்டடம் இப்ப, இந்த நிமிஷம் என்ன பண்ணுதோ அதைச் சொல்லும். இதுக்குச் சொல்லிக்கொடுத்துப் பொய் பேச வைக்க முடியாது."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தாள். வஜ்தியின் மாடலில் அந்த இடம் சாம்பல் நிறத்தில், முழுக்க கான்கிரீட். இந்த மாதம்தான் எல்லாக் காற்றுக்குழாய்களிலும் சென்சார் மாட்டியிருந்தார்கள். அவை அனுப்புவதைக் கொண்டு உயிர்வாழும் ட்வினில் அதே இடத்தில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கியது. மனிதர் மூச்சுவிட்டால் கூடுகிற வாயுவின் கோடு.

"உள்ள யாரோ இருக்கற மாதிரில்ல இருக்கு? அஸர் தொழுதுட்டு வந்துடறேன், கீழ போய்ப் பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

அறையில் வஜ்தி மட்டும்.

அங்கே அறை இருந்தது. அது அவருக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன், நிலத்தடி நீர் ஊறி வீணான பம்ப் அறை; கட்டடத்தை ஒப்படைக்கும் அவசரத்தில் வாசலை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். சிமெண்ட் காய்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. தண்ணீர்க்குழாயின் சத்தம் என்றார் மேஸ்திரி. வஜ்தியும் ஆமாம் என்றார். மறுநாள் ஷெஹாத்தா என்ற எகிப்துக்காரப் பூச்சுத் தொழிலாளி வேலைக்கு வரவில்லை. ஓடிப்போனவன் என்று புகார் கொடுத்தார்கள். அன்று மாலையே வஜ்தி மாடலைத் திறந்து அந்த அறையை அழித்தார், கான்கிரீட்டால் நிரப்பினார். திரையில் அது அவ்வளவு சுலபமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு பெருநாளிலும் பிள்ளைகளைக் கட்டியணைக்கும்போது அந்தக் குரல் கேட்கும், அவர்களை இன்னும் இறுக்கிக்கொள்வார்.

பச்சைக் கோடு ஏறியது. இறங்கியது.

அவருடைய நெஞ்சும் ஏறியது. இறங்கியது.

தற்செயல்தான் என்று நினைத்தார். வேகமாக மூச்சு விட்டார். கோடு துடித்தது. மெதுவாக்கினார். கோடு அடங்கியது.

"ஷெஹாத்தா," என்றார், தனக்கே கேட்காத குரலில். "எனக்குக் கேட்டுச்சுப்பா. அன்னைக்கே கேட்டுச்சு."

வாயைப் பொத்தினார். மூக்கையும் பிடித்துக்கொண்டார்.

கீழ்த்தளத்துக் கோடு நின்றது. அசையாமல், நேராக.

காதுக்குள் ரத்தம் இரைந்தது. கண்கள் திரையின் ஓரத்துக்கு நகர்ந்தன. அங்கே இன்னொரு கோடு. கட்டுப்பாட்டறை. அவர் உட்கார்ந்திருக்கும் இந்த அறை.

அவர் மூச்சு விடவில்லை.

அந்தக் கோடு ஏறியது. நிதானமாக இறங்கியது. மறுபடி ஏறியது.

பிடரியில், ஈரச் சிமெண்ட் வாடையோடு, சூடாக ஒரு மூச்சு.